ஊதச் சொல்வது ஓட்டுநரை மட்டும்தானா?

திருநகர்ப் பக்கம் இரவில் பைக்கில் வருபவர் மீது சந்தேகம் வந்தால் போலீஸ் நிறுத்தி ஊதச் சொல்லலாம். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வழக்கு. சரிதான்! ஆனால், தாய் தகப்பனற்ற பிள்ளைகளை இரவெல்லாம் பார்த்துக்கொள்ளும் காப்பக ஊழியரை ஊதச் சொல்வது யார்?

குழந்தைக்கு மதுவோ போதைப்பொருளோ கொடுத்தால் 7 ஆண்டு வரை சிறை என்கிறது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். காப்பவரே போதையில் கிடந்தால்? ஊழியருக்குப் பரிசோதனை வேண்டும் என்று அச்சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை!

'ஆய்வுக் குழு இருக்கிறதே' என்பார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வர வேண்டிய குழு அது. ஆனால் 2021 ஜூனில் இதே மதுரையில் என்ன நடந்தது? இதயம் டிரஸ்ட் காப்பகத்தில் உயிரோடிருந்த குழந்தை கொரோனாவில் இறந்ததாகப் போலி ஆவணம் காட்டி விற்கப்பட்டதாக வழக்குப் பதிவானது. அது போதை வழக்கல்ல. ஆனால் கண்காணிப்பில் எத்தனை ஓட்டை என்பதற்கு அதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

ஆய்வுக் குழுவில் மருத்துவ அலுவலர் ஒருவர் இருந்தாக வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அவரிடம் இந்தப் பொறுப்பைக் கொடுங்கள். வேலையில் சேரும்போதும், பிறகு சொல்லாமல் கொள்ளாமலும் சோதிக்கட்டும். ஆயாவை மட்டுமல்ல, நிர்வாகியையும்! சில இருமல் மருந்துகூடச் சிறுநீர்ச் சோதனையில் போதை என்று காட்டிவிடும். எனவே ஆய்வகத்தில் மறுசோதனை உறுதி செய்யாமல் யாருடைய பிழைப்பிலும் கை வைக்கக் கூடாது.

நம் சமுதாயத்தார் நடத்தும் எத்தீம்கானாக்கள் அரசாணைக்குக் காத்திராமல் இதை முதலில் தொடங்கட்டும். அப்போதுதான் அரசைக் கேட்கும் தகுதி நமக்கு வரும்!