சம்மதம் என்று ஒரு பொய்

2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு கோட்டூர்புரத்துக்குள் புகுந்தபோது, ஊறிக் கூழாய்ப்போன வீட்டுப் பத்திரங்களும் பள்ளிச் சான்றிதழ்களும் எத்தனை! மாற்றுப் பிரதி கொடுக்க அரசாங்கம் தனி முகாம்களே நடத்த வேண்டியிருந்தது. அப்போது நம்மவர்களுக்குக் கிடைத்த உபதேசம்: "எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றிவிடுங்கள், அங்கே வெள்ளம் வராது."

வெள்ளம் வராதுதான். வேறொன்று வரும்.

2024 மார்ச்சில் குஜராத் உயர் நீதிமன்றத்தின் முன் ஒரு பொறியாளரின் முறையீடு வந்தது. இரண்டு வயதில் பாட்டி தம்மைக் குளிப்பாட்டிய புகைப்படத்தை அவர் கூகிள் டிரைவில் ஏற்றியிருந்தார். மயிலாப்பூரில் எந்த வீட்டு ஆல்பத்தைப் புரட்டினாலும் அகப்படுகிற படம்! குழந்தையை இழிவுபடுத்தும் ஆபாசம் என்று கணக்கை மூடிவிட்டார்கள். கடிதங்கள், காகிதங்கள், எல்லாம் உள்ளே அகப்பட்டுக்கொண்டன. கோர்ட்டு கூகிளுக்கு நோட்டீஸ் அனுப்பிற்று.

குழந்தைகளைச் சீரழிக்கும் படங்களைத் தேடிப் பிடிக்கட்டும்; வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் கொலைகாரனுக்குக்கூட வக்கீல் உண்டு. இந்தப் பாட்டியின் கட்சியைக் கேட்க ஒரு மனிதன் கிடையாதா?

"நிபந்தனைகளுக்குச் சம்மதித்தவர் நீங்கள்தானே?" என்பார்கள். யார் ஐயா சம்மதித்தது? பென்ஷன் காகிதத்தைப் பத்திரப்படுத்த உட்கார்ந்த கிழவரிடம் "அமுக்குங்க தாத்தா" என்கிறான் பேரன், அமுக்குகிறார். பாண்டிபஜாரில் ஒரு முழம் பூவுக்கே பேரம் உண்டு. இங்கே அதுவும் கிடையாது. இரண்டு வருஷம் எட்டிப் பார்க்காத கணக்கை அழிக்கலாமென்று 2023இல் கூகிள் ஒரு விதியும் சேர்த்துக்கொண்டது. தாத்தா காலமாகிவிட்டால் அந்த விதியைப் பாட்டிக்கு யார் போய்ச் சொல்வது?

இதே பல்லவியைத்தான் லாக்கர் விஷயத்தில் வங்கிகள் பாடிவந்தன: "உள்ளே என்ன இருக்கிறதென்று எமக்குத் தெரியாது, போனால் எம் பொறுப்பல்ல, கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்." 2021 பிப்ரவரியில், கல்கத்தாவிலிருந்து வந்த ஒரு வழக்கில், இந்தச் சாக்கு செல்லாதென்றது உச்ச நீதிமன்றம். அவ்வருஷம் ஆகஸ்டிலேயே ரிசர்வ் வங்கி விதி செய்தது: களவோ தீயோ ஊழியர் மோசடியோ நேர்ந்தால், வருஷ வாடகையைப் போல் 100 மடங்கு வரை வங்கியே பொறுப்பு.

தியாகராய நகர் லாக்கரில் கிடக்கும் அம்மாவின் ஒட்டியாணத்துக்குக் கிடைத்த நியாயம், அவள் வீட்டுப் பத்திரத்தின் நகலுக்கு ஏன் கிடைக்கக் கூடாது? இலவசமாம்! இடம் போதாதபோது மாத வாடகை வாங்க மட்டும் தெரிகிறதே?

மூடுமுன் நோட்டீஸ், கேட்டால் ஒரு மனிதரின் பதில், காகிதங்களை வெளியே எடுத்துக்கொள்ள அவகாசம். இவ்வளவையும் சட்டமாக எழுதச் சொல்லி நம் பார்லிமெண்ட் அங்கத்தினர்களை நச்சரிக்க வேண்டும். அதுவரை, சார்பதிவாளர் முத்திரையிட்ட அசல் பத்திரம் இரும்பு அலமாரியிலேயே இருக்கட்டும். மேல்தட்டில்.