மதச் சண்டையா, பங்குச் சண்டையா?

அரபு நாட்டிலிருந்து ஒரு செய்தி வந்தால் போதும், கமெண்ட்டில் முதல் வரி தயாரா இருக்கும்: "அவங்க காலங்காலமா மதத்துக்காக அடிச்சுக்கிறவங்கதானே!" இதை எழுதுறவங்க நம்ம பக்கத்திலும் இருக்காங்க. யோசிக்காம ஃபார்வர்டு பண்றவங்களும் இருக்காங்க.

கொஞ்சம் நில்லுங்க. அந்த மண்ணின் மக்களே பல்கலைக்கழக அரங்கிலும் தெருவிலும் உட்கார்ந்து இந்தக் கேள்வியை நூறு வருஷமா விவாதிச்சுக்கிட்டு வர்றாங்க. முதலில் அவர்களைக் கேட்போம்.

2019 அக்டோபர், பெய்ரூட். வாட்ஸ்அப் அழைப்புக்கும் கட்டணம் வசூலிக்கப் போவதாக லெபனான் அரசு சொன்னதும் மக்கள் லட்சக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். நகரின் நடுவே, உள்நாட்டுப் போரில் சிதைந்து கைவிடப்பட்ட சினிமா தியேட்டர் ஒன்று நிற்கிறது. அதன் வடிவத்தால் அதற்கு 'முட்டை' என்றே பெயர். போராட்டக்காரர்கள் அதற்குள் நுழைந்தார்கள். பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் தங்கள் வகுப்பை அங்கேயே கொண்டு வந்தார்கள். கட்டணம் கிடையாது. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், எழுந்து கேள்வி கேட்கலாம்.

அந்தப் போராட்டத்தின் முழக்கம்: "எல்லாரும்னா எல்லாரும்தான்!" என் மதத் தலைவர், உன் மதத் தலைவர் என்ற கணக்கே வேண்டாம், அத்தனை பேரும் பதவி விலகணும் என்று அர்த்தம்.

ஏன் இப்படிக் கேட்டாங்க? லெபனானில் ஜனாதிபதி மாரோனைட் கிறிஸ்தவர், பிரதமர் சுன்னி முஸ்லிம், சபாநாயகர் ஷியா முஸ்லிம். இது 1943-இல் எழுதாமலே செய்துகொண்ட ஒப்பந்தம். நாடாளுமன்றத்தில் கிறிஸ்தவர்களுக்கு 6, முஸ்லிம்களுக்கு 5 என்ற விகிதம். 15 வருஷம் நடந்த போரை முடிக்க 1989-இல் போடப்பட்ட தாயிஃப் உடன்பாடு அதைச் சரிபாதி ஆக்கியது. ஆனால் மதவாரிப் பங்கீடு போகவில்லை. 1932-க்குப் பிறகு அங்கே அதிகாரபூர்வ மக்கள்தொகைக் கணக்கெடுப்பே கிடையாது. எண்ணிப் பார்த்தால் பங்கு மாறிடுமே!

இதை நம்ம ஊர் இடஒதுக்கீட்டோடு குழப்பிக்காதீங்க. இங்கே அது அடைத்த கதவை ஒடுக்கப்பட்டவனுக்குத் திறப்பது. அங்கே நடப்பது, மதத் தலைவர்கள் நாற்காலியைப் பிரித்துக்கொள்வது. வேலை, ஆஸ்பத்திரிப் படுக்கை என்று எதற்கும் சாமானியன் தன் மதத் தலைவரின் வாசலில்தான் போய் நிற்கணும்.

"அப்போ அது மதச் சண்டைதானே?" என்று கேட்பீர்கள். அப்படியானால் இதற்குப் பதில் சொல்லுங்க. 1988-இல் அமல் இயக்கமும் ஹிஸ்புல்லாவும் மோதின; இரண்டுமே ஷியா அமைப்புகள். 1990-இல் மிஷெல் அவூனின் படையும் சமீர் ஜாஜாவின் படையும் மோதின. இருவருமே மாரோனைட் கிறிஸ்தவர்கள். ஒரே மதத்துக்குள் எதுக்கு இந்த ரத்தம்? பகுதி யாருக்கு, துறைமுகம் யாருக்கு, அதிகாரம் யாருக்கு என்பதற்குத்தான். இதில் சிரியாவும் இஸ்ரேலும் படையோடு வந்து இறங்கியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம்பிக்கைக்கு இதில் இடமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. சாமானியனின் நம்பிக்கை உண்மையானது. அதைக் கூலியில்லாத காவலாளியா நிறுத்தி வைப்பவன்தான் வேறு ஆள்.

இதை வெளிப்படையா பேசுற இடம்தான் வகுப்பறை. அதனாலதான் அதிகாரத்துக்கு அதைக் கண்டால் ஆகாது. கெய்ரோவைப் பாருங்க. எகிப்தியப் பல்கலைக்கழகம் 1908-இல் மக்களின் நன்கொடையோடு தொடங்கியது. அங்கே பாடம் நடத்திய பார்வையற்ற பேராசிரியர் தாஹா ஹுசைன், பழைய அரபுக் கவிதையை ஆராய்ந்து 1926-இல் ஒரு நூல் வெளியிட்டார். மதத்தை அவமதித்தார் என்று புகார் போனது. விசாரித்த அரசு வழக்கறிஞர் குற்ற நோக்கம் இல்லை என்று முடித்து வைத்தார். ஆனால் 1932-இல், அரசு சொன்ன அரசியல்வாதிகளுக்குக் கௌரவப் பட்டம் கொடுக்க மறுத்ததும் டீன் பதவியே பறிபோனது. துணைவேந்தர் லுத்ஃபி அல் சையித் அதை எதிர்த்துத் தன் பதவியையே தூக்கிப் போட்டார்.

அதே பல்கலைக்கழகத்தில் பிறகு வந்தவர் நஸ்ர் அபூ ஸைத். குர்ஆனை வரலாற்றுப் பின்னணியில் வைத்துப் படிக்கணும் என்றார். மதத்தின் பெயரால் மக்களின் சேமிப்பை வாங்கி ஏப்பம் விட்ட முதலீட்டு நிறுவனங்களையும் விமர்சித்தார். 1995-இல் கெய்ரோ நீதிமன்றம் அவரை மதத்தைத் துறந்தவர் என்று சொல்லி, அவரும் மனைவியும் கேட்காமலே அவர்களின் திருமணத்தை ரத்து செய்தது. இருவரும் நெதர்லாந்துக்குப் போனார்கள். அவர் லெய்டன் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார்.

கவனிச்சீங்களா? பாடம் நடத்தியவனும் அந்த மண்ணின் பிள்ளை, அவனுக்காக நின்றவனும் அந்த மண்ணின் பிள்ளை. "அவங்க எல்லாரும் அப்படித்தான்" என்று ஒரு வரியில் முடிக்கும்போது, நாம் வாயை அடைப்பது இவர்களுக்குத்தான். லாபம் யாருக்கு? மக்களை மதமாக மட்டுமே எண்ணிப் பார்க்கும் அதே தலைவர்களுக்கு.

நம்ம வீட்டுப் பிள்ளைகள் லட்சக்கணக்கில் அரபு நாடுகளில் உழைக்கிறாங்க. அந்தச் சமூகத்தைப் புரிந்துகொள்ளும் கடமை நமக்கு மற்றவர்களைவிடக் கூடுதல்.

எனவே தோழர்களே, அடுத்த முறை ஒரு கலவர வீடியோ வரும்போது மூன்று கேள்வி கேளுங்க. பங்கு யாருக்குப் போகுது? ஆயுதம் யார் கொடுத்தது? இதைக் கேள்வி கேட்ட உள்ளூர்க்காரர் யார், அவர் இப்போ எங்கே? பதில் கிடைக்கிற வரைக்கும் ஃபார்வர்டு பட்டனில் கை வைக்காதீங்க.

நம்ம ஊர்க் கல்லூரிகளில் இப்படிப் பொது விரிவுரை நடந்தால் போய் உட்காருங்க. நடக்கலைன்னா, நடத்தச் சொல்லிக் கேளுங்க.

#கேட்டுப்_பேசுவோம் #எல்லாரும்னா_எல்லாரும்