தங்கவயலின் டீ ஓய்வுக்கானதா?

கோலார் தங்கவயலைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் சயனைடு மேடுகள் எனப்படும் சுரங்கக் கழிவு மேடுகளைப் படம் பிடிக்கிறார்கள், வெள்ளைக்காரர் காலத்து பங்களாக்களைப் பார்க்கிறார்கள், வழியில் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புகிறார்கள். அப்புறம் எழுதும்போது மறக்காமல் வரும் வரி ஒன்று உண்டு: அவசரமில்லாத சிறு நகரம், அருமையான டீ. தங்கவயலைப் பொறுத்தவரை இது தவறான வர்ணனை என்றே சொல்வேன். பாலகாட், உரிகம், சாம்பியன் ரீஃப் என்று சுரங்கங்களின் பெயரிலேயே பேட்டைகள் வளர்ந்த இந்த ஊரில் டீயை வேலை நேரத்திலிருந்து பிரித்துப் பார்க்கவே முடியாது.

ஏற்றுமதிக்கென்று விளைந்த டீயை உள்ளூரிலும் விற்க, தோட்ட முதலாளிகளின் சங்கம் முதல் உலகப்போர்க் காலத்தில் ஆலைகளுக்கும் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும்தான் போனது. களைத்த உடம்பை மறுபடி வேலைக்கு எழுப்பும் பானம் என்பதே அதன் விளம்பரம். தங்கவயலும் அப்படியொரு வேலைத்தலம்தான். தங்கம் தோண்ட 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே காலூன்றியது. 1902இல் சிவசமுத்திரத்து மின்சாரம் வந்தது. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய குழிகளில் இரவு பகலாக ஷிஃப்ட் ஓடியது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. இன்று அந்த ஷிஃப்டின் இடத்தில் ரயில் நிற்கிறது. இங்குள்ள மாரிக்குப்பம் நிலையத்தில் புறப்படும் ரயிலைப் பிடித்து, சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டிய பிறகு திரும்புகிற ஊர் இது. இருட்டோடு பாய்லர் பற்றவைத்து, கிளாஸின் அடியில் சர்க்கரை போட்டு, துணிப்பையில் இறங்கிய டிகாக்‌ஷனை ஊற்றி, பாலைச் சேர்த்து ஓர் ஆற்று ஆற்றி நீட்டுவதற்குள் குடிக்கிறவரின் கண் கடிகாரத்துக்குப் போய்விடும். பகல் பதினொரு மணிக்கு வரும் பயணி பார்ப்பது, அந்த ஓட்டம் ஓய்ந்த பிறகு பெஞ்சில் மிச்சமிருப்பவர்களை. அவர்களில் பலர் வேலை போனவர்கள்.

இன்னொன்றும் உண்டு. இங்கே வந்த தமிழ்த் தொழிலாளரில் பெரும்பாலோர் வடாற்காடு, சேலம் பக்கத்துத் தாழ்த்தப்பட்ட குடும்பங்கள். தமிழகக் கிராமங்களில் அவர்களுக்குத் தனி கிளாஸ் வைத்த டீக்கடைகள் எத்தனை! இங்கேயோ அவர்களே பெரும்பான்மை. தமிழ்ப் பௌத்த முன்னோடி அயோத்திதாசர் காலத்திலேயே பௌத்த சங்கம் கண்டு பத்திரிகை படித்து விவாதித்த மக்கள். இப்படிப்பட்ட ஊரில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிப்பதைச் சாதாரண விஷயமாக எண்ணிக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

வறுமையை அழகாக்குவதுதானே இது, டீக்கடை பெஞ்ச் சம்பளம் தருமா என்று கேட்கலாம். தராது. அந்தப் பெஞ்சைப் புகழும்படி யாரையும் நான் கேட்கவில்லை. அங்கே உட்கார்ந்திருப்பவர் ஏன் அந்த நேரத்தில் அங்கே இருக்கிறார் என்று கேட்கச் சொல்கிறேன். டீயே வெள்ளைக்காரன் புகுத்திய பழக்கம்தானே என்பார்கள் சிலர். வந்த வழி அதுதான். ஆனால் வெள்ளைக்காரர்கள் வேலை வாங்கக் கொடுத்ததை வைத்து இந்த மக்கள் கூடிப் பேச ஓர் இடம் கண்டார்கள், சங்கத்துத் தகராறும் தேர்தல் கணக்கும் பேசினார்கள்.

2024 ஜூனில் 13 கழிவு மேடுகளில் மறுபடி தங்கம் எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. காற்றடித்தால் அந்த மேட்டுத் தூசி விழுவது தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீடுகளின் மேல்தான். மேட்டைக் கிளறும்போது தூசிக்கு என்ன ஏற்பாடு, வேலை யாருக்கு, வீட்டுக்குப் பட்டா எப்போது என்று அந்தப் பெஞ்சுகளில் இருப்பவர்களிடம் அதிகாரிகள் நேரில் வந்து பேச வேண்டும். பயணக் கட்டுரை எழுதுகிறவர்களும் இன்னொரு டீ சொல்லிவிட்டு இதைக் கேட்டு எழுதலாம்.