உழுதவன் ஒருவன்; அறுத்தவன் ஆண்டவன்!

கதைதானே! கேட்டோம், களித்தோம் என்று போகாமல், அதிலே என்ன ஆராய்ச்சி வேண்டிக்கிடக்கிறது என்று கேட்போர் உண்டு. கேட்கட்டும். சட்டம் போட்டுச் சாதிக்க முடியாததைக் கதை சொல்லிச் சாதித்துக்கொண்டவர்கள் இந்த நாட்டிலே உண்டு. ஆகவே தோழர்களே, கதை எப்படிக் கட்டப்படுகிறது, எந்த இடத்திலே நம் கண் கட்டப்படுகிறது என்பதை அறிந்து வைத்திருப்பது பகுத்தறிவாளனின் கடமை.

ஜெர்மானியரான குஸ்தாவ் பிரைடாக் 1863இல் நாடகத்தை ஐந்து கூறுகளாகப் பகுத்தார்: தொடக்கம், ஏற்றம், உச்சம், இறக்கம், முடிவு. அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, சிலப்பதிகாரத்துக்கு உரை வரைந்த அடியார்க்கு நல்லார் ஐந்து சந்திகளை விளக்கினார்: முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல். பகுப்பு வடமொழி நாடக நூலாருடையதுதான். ஆயினும் அவர் காட்டும் உவமையிலே நம் வயல் தெரிகிறது. உழுத நிலத்திலே இட்ட வித்து முளைப்பது முகம். முளை இலைவிட்டு நாற்றாவது பிரதிமுகம். பயிர் கதிரைக் கருக்கொள்வது கருப்பம். கதிர் முற்றுவது விளைவு. அறுத்துப் போரடித்து, தூற்றி, வீடு கொண்டுவந்து உண்டு மகிழ்வது துய்த்தல்.

கதையின் வித்து எது? முரண். ஒருவன் ஒன்றை நாடுகிறான், மற்றொருவன் தடுக்கிறான். அந்த மோதல் வளர்ந்து, முதிர்ந்து, அதனுள்ளிருந்தே முடிவு வர வேண்டும். நாடகத்தின் முடிச்சு கதைக்குள்ளிருந்தே அவிழ வேண்டும். எந்திரத்தைக் கொண்டு அவிழ்க்கலாகாது என்றார் கிரேக்கப் பேரறிஞர் அரிஸ்டாட்டில். யூரிப்பிடிசின் மெடியா நாடக முடிவைச் சுட்டியே அவர் குறை சொன்னார். கிரேக்க அரங்கிலே தெய்வத்தை இறக்க ஒரு தூக்கு எந்திரம் இருந்தது. நம் நாட்டுப் புராணிகருக்கு அந்த மரமும் கயிறுங்கூடத் தேவைப்படவில்லை!

நந்தன் கதையைப் பாருங்கள். சேக்கிழாரின் பெரியபுராணத்திலே ஆண்டை எவரும் இல்லை. 19ஆம் நூற்றாண்டிலே கோபாலகிருஷ்ண பாரதியார் அக்கதையைக் கீர்த்தனையாக்கியபோதுதான் நிலவுடைமையாளரான வேதியர் வந்து சேர்ந்தார். நல்ல படைப்பு! ஏக்கமாக இருந்த கதை மோதலாயிற்று. ஒருபுறம் ஆண்டை, மறுபுறம் அடிமை. தில்லை செல்ல விடை கேட்கிறான் நந்தன். நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார் வேதியர். வேலி ஒன்று ஆறரை ஏக்கருக்கும் அதிகம். நாற்பது வேலி 260 ஏக்கரைத் தாண்டும்!

வித்து ஊன்றியாயிற்று, கதிரும் கருக்கொண்டாயிற்று. இனி விளைவு என்ன? நந்தன் மறுப்பானா? சேரி திரளுமா? கூலி எங்கே என்று கேட்குமா? அந்த இடத்திலே இறங்குகிறது எந்திரம். ஒரே இரவிலே, இறைவன் அருளால், நாற்பது வேலியும் விளைந்து நிற்கிறது! வேதியர் நந்தன் காலில் விழுகிறார். கதை கேட்போர் கண்ணீர் உகுக்கின்றனர்.

கண்ணீரைத் துடைத்துவிட்டுக் கணக்குப் பாருங்கள். விளைந்த நெல் யாருடைய களஞ்சியத்துக்குப் போயிற்று? வேதியருடையதற்கு! அவர் இழந்தது ஒரு கும்பிடு மட்டுமே. நந்தனுக்குக் கிடைத்தது தில்லைப் பயணம். அதன் முடிவிலே தீ. கோயிற் கதவைத் திறந்துவிடுங்கள் என்று தில்லைவாழ் அந்தணர் கனவிலே இறைவன் சொல்லவில்லை. நெருப்பு அமையுங்கள் என்கிறான். முப்புரிநூல் அணிந்த முனிவராக வெளிவந்த பிறகே நந்தன் உள்ளே செல்ல முடிகிறது. மாற வேண்டியது கோயிலின் விதி. மாற்றப்பட்டதோ நந்தனின் உடல்!

பக்திச் சுவைக்காகப் பாடியதைப் பண்ணைக் கணக்காகப் பார்ப்பதா என்பர். பண்ணையைக் கதைக்குள் கொண்டுவந்தவர் நாமல்லர். கொண்டுவந்த முரணை விளையவிடாமல் தடுத்ததைத்தான் கேட்கிறோம். அதே தஞ்சைத் தரணியிலே, உழவுத் தொழிலாளர் கூலி உயர்வு கேட்டுப் போராடிய காலத்தில், 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியிலே ஒரு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அந்தத் தீயிலிருந்து எவரும் முனிவராக எழுந்துவரவில்லை.

கண்ணகியைப் பாருங்கள். பாண்டியன் அவையிலே அவள் தெய்வத்தை அழைக்கவில்லை, சிலம்பை உடைத்தாள். தெறித்தது முத்தன்று, மாணிக்கம். சான்று வென்றது, மன்னன் மாண்டான். மதுரை எரிந்த அற்புதத்தை நாம் நம்பவேண்டியதில்லை. வழக்கு அதற்கு முன்பே முடிந்துவிட்டது.

1949இல் திரைப்படமாக வந்த அண்ணாவின் வேலைக்காரியிலே, ஆனந்தன் காளியிடம் முறையிடுகிறான். காளி வாய் திறக்கவில்லை. அந்த மௌனமே திருப்பம். அதன்பின் மனித அறிவு வேலை செய்யத் தொடங்குகிறது. எனினும், ஒன்றை ஒளிக்காமல் சொல்வோம். ஆனந்தனைப் போலவே உருவம் படைத்த ஒருவனின் சடலம் அவனுக்குத் தற்செயலாக வாய்க்கிறது. ஆண்டவனை எழுப்பிவிட்டு, அதே இருக்கையிலே தற்செயலை அமர்த்திவிடக்கூடாது. கதாநாயகன் நான்கு பக்கம் வசனம் பேசியவுடன் பண்ணையார் மனம் திருந்துகிறாரே, அதுவும் எந்திரந்தான். கறுப்புச் சாயம் பூசிய எந்திரம்! எழுதுகோல் ஏந்தும் தோழர்கள் இதை மறத்தலாகாது.

தானாக விளையும் வயலைக் கதையிலே கண்டு பழகியவன், வாழ்விலும் வரப்பிலே அமர்ந்து வானத்தைப் பார்ப்பான். எனவே, இனி எக்கதையைக் கேட்டாலும், படித்தாலும், திரையிலே பார்த்தாலும், கதிர் முற்றும் நேரத்திலே விழித்திருங்கள். விதைத்தவன் யார், அறுத்தவன் யார், உண்டவன் யார் என்று கேளுங்கள். மூன்றுக்கும் மூன்று விடை வருமானால், அங்கே களவு நடந்திருக்கிறது. களவு நடந்த களத்திலே கைகூப்பி நிற்பதா? கணக்குக் கேட்போம்!