கிரெட்டா எலக்ட்ரிக்கா, பிஇ 6-ஆ? புக் பண்றதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க

கொஞ்ச நாளா ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருது. "ப்ரோ, ஹூண்டாய் கிரெட்டா எலக்ட்ரிக் எடுக்கலாமா, மஹிந்திரா பிஇ 6 எடுக்கலாமா?"

அதுல ஒருத்தரோட கேள்வியை மட்டும் இங்க எடுத்துக்கிறேன். வயசு 29. ஓஎம்ஆர்ல வேலை. கையில வர்ற சம்பளம் 1,10,000 ரூபாய். சேர்த்து வச்சிருக்கிறது 6 லட்சம். ஆபீஸுக்குப் போக வர 45 கிலோமீட்டர், இப்போ பைக்ல போறார். அப்பா அம்மா திருச்சியில. "மாசம் 30,000 வரைக்கும் இஎம்ஐ கட்டிடுவேன், எந்த கார்னு மட்டும் சொல்லுங்க"ன்னு எழுதியிருந்தார்.

எந்த கார்னு கடைசியில கண்டிப்பா சொல்றேன். ஆனா அதுக்கு முன்னாடி, அவர் கேட்காத கேள்விதான் முக்கியம்.

எந்த கார்ங்கிறதை விட எந்த வேரியன்ட்

பிஇ 6 நவம்பர் 2024-ல சென்னையில அறிமுகமாச்சு. கிரெட்டா எலக்ட்ரிக் ஜனவரி 2025-ல டெல்லி வாகனக் கண்காட்சியில வந்துச்சு. அறிமுக எக்ஸ்-ஷோரூம் விலையை வச்சே பேசுவோம். இன்னைக்கு உங்க ஊர்ல கொஞ்சம் மாறியிருக்கலாம், ஆனா கணக்கோட போக்கு மாறாது.

கிரெட்டா எலக்ட்ரிக் ஆரம்ப விலை 17.99 லட்சம், 42 கிலோவாட் ஹவர் பேட்டரி. பிஇ 6 ஆரம்ப விலை 18.90 லட்சம், 59 கிலோவாட் ஹவர் பேட்டரி. ரெண்டுக்கும் வித்தியாசம் வெறும் 91,000.

இப்போ மேல் வேரியன்ட்டைப் பாருங்க. 51.4 கிலோவாட் ஹவர் பேட்டரியோட கிரெட்டா சுமார் 23.5 லட்சம் வரை போகுது. 79 கிலோவாட் ஹவர் பேட்டரியோட பிஇ 6 பேக் த்ரீ 26.90 லட்சம். அதாவது ஒரே பிஇ 6-க்குள்ளயே கீழுக்கும் மேலுக்கும் 8 லட்சம் வித்தியாசம்.

91,000 ரூபாய்க்கு ரெண்டு மாசம் யூடியூப் பார்த்து மண்டையை உடைச்சுக்கிறோம். 8 லட்சத்தை ஷோரூம்ல காபி குடிக்கிற நேரத்துல முடிவு பண்றோம். இதான் பிரச்சினை.

9% வட்டி, 84 மாசம்னு போட்டா, 8 லட்சத்துக்கு மட்டும் இஎம்ஐ சுமார் 12,870 ரூபாய். அதே தொகையை ஏழு வருஷம் எஸ்ஐபி-ல போட்டு, சராசரியா 10% கிடைச்சா சுமார் 15.7 லட்சம். மார்க்கெட்ல எதுவும் உத்தரவாதம் இல்ல, தெரியும். ஆனா ஏழு வருஷம் கழிச்சு அந்த பெரிய டிஸ்ப்ளேவுக்கும் எக்ஸ்ட்ரா ஸ்பீக்கருக்கும் செகண்ட் ஹேண்ட் மார்க்கெட்ல என்ன கிடைக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

பெரிய பேட்டரி வேணுமா?

விளம்பரத்துல சொல்ற ரேஞ்ச் சோதனைக் கணக்கு. கிரெட்டா 42-க்கு அறிமுகத்தின்போது 390 கிலோமீட்டர்னு சொன்னாங்க. ஏசி, டிராபிக், நாலு பேர், ஹைவே வேகம் எல்லாம் சேர்த்தா 100 கிலோமீட்டருக்கு சுமார் 15, 16 யூனிட் போகும்னு வச்சுக்கோங்க. அப்போ 42-ல 260-லிருந்து 280 வரை. பிஇ 6-ல 59-க்கு 350-ஐ ஒட்டி.

நம்ம நண்பருக்கு ஒரு நாளைக்கு 45 கிலோமீட்டர். சின்ன பேட்டரியே ஒரு வேலை வாரத்தைத் தாண்டும். திருச்சிக்குச் சென்னையிலிருந்து சுமார் 330 கிலோமீட்டர். கிரெட்டா 42-ல வழியில ஒரு தடவை சார்ஜ் போடணும். பிஇ 6 59-லயும் ரிஸ்க் எடுக்காம ஒரு சின்ன ஸ்டாப் போடுறதுதான் புத்திசாலித்தனம். எப்படியும் விழுப்புரம் பக்கம் டீக்கு நிக்கத்தானே போறோம்? வருஷத்துக்கு நாலஞ்சு ட்ரிப்புக்காக மாசா மாசம் 12,870 கட்டணுமா?

ஒண்ணை மறைக்காம சொல்லிடறேன். பொங்கல், தீபாவளிக்கு முந்தின நாள் ஹைவே சார்ஜர்ல வரிசை நிக்கும். அந்த நாள்ல பெரிய பேட்டரி வச்சிருக்கிறவர் சிரிச்சுட்டுப் போவார். மாசத்துக்கு ரெண்டு மூணு தடவை 400 கிலோமீட்டர் ஓட்டுற வேலைன்னா, தாராளமா பெருசா எடுங்க. அது தேவை. மத்தவங்களுக்கு அது ஆசை.

பெட்ரோல் மிச்சம் ஆகுமே?

மாசம் 1,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 14 கிலோமீட்டர் மைலேஜ், பெட்ரோல் 101 ரூபாய்னு வச்சா சுமார் 7,200. இவியில அதே தூரத்துக்கு 160 யூனிட். வீட்ல யூனிட்டுக்கு 9 ரூபாய்னா 1,440 தான். (ரெண்டு மாச பில் 500 யூனிட்டைத் தாண்டினா ஸ்லாப்பே மாறும், அதனால கொஞ்சம் கூட்டியே போட்டிருக்கேன்.) வெளியில ஃபாஸ்ட் சார்ஜர்ல 22 ரூபாய்னா 3,520.

ஆக, வீட்ல சார்ஜ் போட்டா மாசம் 5,700 மிச்சம். ஆனா இந்த மிச்சம் யாருக்கு? ஏற்கனவே பெட்ரோல் கார் ஓட்டுறவருக்கு. நம்ம நண்பர் இப்போ பைக்ல போறார். அவருக்கு இது மிச்சம் இல்லீங்க, புதுச் செலவு.

அதோட, வீட்ல சார்ஜிங் பாயின்ட் இருக்கான்னு முதல்ல பாருங்க. என் நண்பர் ஒருத்தர் காரை டெலிவரி எடுத்த பிறகுதான் அபார்ட்மென்ட் அசோசியேஷன்கிட்ட பாயின்ட் கேட்டார். மூணு மாசம் மால் மாலா சுத்தினார். வாடகை வீடுன்னா ஹவுஸ் ஓனர்கிட்ட எழுத்துல ஒப்புதல் வாங்கிட்டு அப்புறம் புக் பண்ணுங்க.

கொட்டேஷன்ல இதையெல்லாம் பாருங்க

1. ஹோம் சார்ஜர்: ரெண்டு காருக்குமே தனிக் காசு. அறிமுகத்தின்போது கிரெட்டாவுக்கு 11 கிலோவாட் சார்ஜர் 73,000, பிஇ 6-க்கு 7.2 கிலோவாட் 50,000. உங்க வீட்ல சிங்கிள் ஃபேஸ்னா 11 கிலோவாட் முழுசா வராது. தினம் 45 கிலோமீட்டர் ஓட்டுறவருக்கு 15 ஆம்பியர் பாயின்ட்ல ராத்திரி முழுக்கப் போட்டாலே தாராளம். அதுக்கேத்த சார்ஜர் எடுக்க முடியுமான்னு கேளுங்க.

2. டிசிஎஸ்: 10 லட்சத்துக்கு மேல கார் வாங்கினா 1% வரி பிடிப்பாங்க. சுமார் 19,000 வரும். அது உங்க பணம். ஐடி ரிட்டர்ன்ல காட்டினா வரியில கழியும், இல்லன்னா ரீஃபண்ட் வரும். நிறைய பேர் மறந்துடறாங்க.

3. 80இஇபி: இவி லோன் வட்டிக்கு 1.5 லட்சம் வரை விலக்குன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. 31 மார்ச் 2023 வரை சாங்ஷன் ஆன லோனுக்குத்தான் அது. புது லோனுக்குக் கிடையாது.

4. பேட்டரி வாரன்ட்டி: கிரெட்டாவுக்கு 8 வருஷம் அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர். பிஇ 6-க்கு தனிநபர் பேர்ல பதிவு செய்த முதல் ஓனருக்கு ஆயுள் வாரன்ட்டி. "முதல் ஓனர்"ங்கிற வார்த்தையைக் கவனிங்க. நாலு வருஷத்துல விக்கிற பழக்கம் இருந்தா அதோட மதிப்பு உங்களுக்குக் குறைவு.

சரி, என்னோட முடிவு

காசுக்குக் கிடைக்கிற பேட்டரியை வச்சுப் பார்த்தா பிஇ 6 பேஸ் மாடல், 59 கிலோவாட் ஹவர். 91,000 கூடக் கொடுத்தா 17 யூனிட் பெரிய பேட்டரி கிடைக்குது. ஆனா பின் சீட்டுல வயசான அப்பா அம்மா அடிக்கடி உட்காருவாங்கன்னா கிரெட்டா 42. பிஇ 6-ல கூரை பின்னாடி சரியும், ஜன்னலும் சின்னது. அவங்களைக் கூட்டிட்டுப் போய் பின்னாடி உட்கார வச்சுப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. டெஸ்ட் டிரைவ்ல நீங்க மட்டும் ஸ்டியரிங் பிடிச்சா போதாது.

நம்ம நண்பருக்கு? ரெண்டுமே இப்போ வேண்டாம்.

கோபப்படாதீங்க, கணக்கைப் பாருங்க. பிஇ 6 பேஸ், இன்ஷூரன்ஸ், சார்ஜர் எல்லாம் சேர்த்து 20.5 லட்சம்னு வச்சுக்குவோம். 6 லட்சம் கட்டினா லோன் 14.5 லட்சம். அஞ்சு வருஷத்துக்கு இஎம்ஐ 30,100. சம்பளத்துல 27%. ஏழு வருஷம்னு இழுத்தா 23,300 தான், ஆனா வட்டி மட்டும் 5 லட்சத்தைத் தாண்டும். அதோட டெக்னாலஜி வேகமா மாறுற பொருளுக்கு ஏழு வருஷ லோன் போட்டா, நடுவுல விக்க நினைக்கும்போது காரோட விலையை விட பாக்கி லோன் அதிகமா நிக்கலாம். இதுல அந்த 6 லட்சம் போயிட்டா அவர்கிட்ட எமர்ஜென்சி ஃபண்டே இல்ல. ஐடி வேலையில அது இல்லாம இருக்கிறது எவ்வளவு பயம்னு நான் சொல்லத் தேவையில்ல.

என்னோட விதி: அஞ்சு வருஷ லோன், இஎம்ஐ சம்பளத்துல 20%-க்குள்ள. அவருக்கு 22,000. அதுக்கு லோன் 10.6 லட்சத்தைத் தாண்டக் கூடாது. அப்போ முன்பணம் 9.9 லட்சம் வேணும். குறையறது 3.9 லட்சம்.

மாசம் 30,000 கட்டிடுவேன்னு சொன்னார் இல்லையா? அதையே இந்த மாசத்துலிருந்து ஆர்டி-ல கட்டட்டும். 13 மாசத்துல 3.9 லட்சம் வந்துடும், வட்டி தனி. எமர்ஜென்சி ஃபண்டுக்கு இன்னும் ஒரு ஆறேழு மாசம் சேர்த்தே போடட்டும். தடுமாறாம கட்டிட்டார்னா கார் அவரால தாங்க முடியும்னு அர்த்தம். நாலாவது மாசமே நின்னுடுச்சுன்னா, வாங்காத காருக்கு அபராதம் கிடையாது. வாங்கின காருக்கு உண்டு.

நீங்களும் இதைச் செஞ்சு பாருங்க. உங்க சம்பளம், தினசரி கிலோமீட்டர், வீட்ல சார்ஜிங் பாயின்ட் இருக்கா இல்லையா, இந்த மூணையும் கமென்ட்ல போடுங்க. அடுத்த வீடியோவுல சிலதை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.