கைமாறும் வண்டியும் கருத்திற்கொள்ள வேண்டியனவும்

கல்லூரியில் அடியெடுத்து வைத்ததும் இளைஞர் நெஞ்சில் எழும் விருப்பங்களுள் ஒன்று மோட்டார் சைக்கிள். கெங்குவார்பட்டி போன்ற ஊர்களில் அதனை ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட இயலாது. வத்தலக்குண்டுக்கும் பெரியகுளத்துக்கும் நாள்தோறும் சென்று மீள்வோர்க்கு அது பெருந்துணை. புது வண்டியின் விலையோ பல குடும்பங்களுக்கு எட்டாத ஒன்று. ஆகவே, பிறர் ஓட்டிய வண்டியை நாடுகிறோம். அங்கே ஒரு வினா எழுகிறது. ஒரே விலைக்குக் கிடைக்குமெனில், பெயர்பெற்ற பழைய வண்டியை வாங்குவதா, அண்மைக் காலத்து எளிய வண்டியை வாங்குவதா?

பழைய வண்டிகளின் பெருமையை நாம் மறுக்கவில்லை. சென்னையில் உருவான புல்லட், மைசூரில் 1996 வரை உருவான எஸ்டி, 1985இல் வந்து இளைஞரைக் கவர்ந்த யமஹா ஆர்.எக்ஸ்.100 ஆகியவை நம் தந்தையர் தலைமுறையின் கனவுகள். கார்புரேட்டர் பொருத்திய அவற்றின் அமைப்பு எளியது. சிற்றூர் மெக்கானிக்கே பிரித்துப் பழுது நீக்கிவிடுவார்.

ஆயின், சாலை நம் ஏக்கங்களை அறியாது. காட்ரோட்டில் பிரியும் மலைச்சாலை, ஈராயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரத்திலுள்ள கொடைக்கானலுக்கு ஏறுகிறது. அங்கிருந்து இறங்குகையில் டிரம் பிரேக்கை ஓயாது மிதித்தால் அது சூடேறிப் பிடிமானம் தளரும். ஆர்.எக்ஸ்.100 போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டியில், வேகத்தைக் கட்டுப்படுத்த எஞ்சின் தரும் துணையும் குறைவு. பழைய புல்லட்டிலோ கியர் வலக்காலிலும் பிரேக் இடக்காலிலும் இருந்தன. வேறு வண்டியில் பழகிய கால், இடர் நேரத்தில் பழக்கத்தையே நாடுமன்றோ?

புதியனவற்றின் சிறப்பு இங்கேதான் விளங்குகிறது. 2019 ஏப்ரல் முதல், 125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிகளில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். கட்டாயமாயிற்று. அதற்குட்பட்டவற்றில் இரு சக்கரங்களையும் இணைத்து நிறுத்தும் ஏற்பாடேனும் இருத்தல் வேண்டும். மழையில் நனைந்த சாலையில் ஓர் உயிரின் விலை இவ்வேற்பாட்டில் அடங்கியிருக்கக் கூடும்.

பழைய வண்டியின் விலை வாங்கும் நாளோடு முடிவதுமில்லை. பதிவு செய்து 15 ஆண்டுகள் கடந்தால், தகுதி ஆய்வுக்குப் பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். உற்பத்தி நின்ற வண்டிக்கு அசல் உதிரிபாகம் தேடி அலையவும் நேரும். இன்றைய பெட்ரோலில் கலக்கப்படும் எத்தனால், பழைய ரப்பர்க் குழாய்களை அரிக்கவும் கூடும்.

எவ்வண்டியாயினும் ஆவணம் முதன்மையானது. சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் பதிவுச் சான்றோடு ஒத்திருக்கின்றனவா, கடன் நிலுவை நீக்கப்பட்டதா, காப்பீடு நடப்பில் உள்ளதா என நோக்குக. விற்றவருக்கும் இதில் பொறுப்புண்டு. பெயர் மாற்றாமல் கைமாறிய வண்டி விபத்துக்குள்ளானால், பதிவேட்டில் உள்ளவரையே உரிமையாளராகக் கொள்ள வேண்டுமென உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. நம்பிக்கையின்பேரில் வெற்றுத்தாளில் கையொப்பமிடும் வழக்கம் நம்மிடையே ஒழிதல் வேண்டும். வண்டியின் குறையை மறைத்து விற்பதும் அறமன்று.

எனவே, நாள்தோறும் சாலையில் செல்லும் மாணவர்க்கு, பெயர்பெற்ற பழைய வண்டியினும் 2019க்குப் பின் வந்த, ஆவணம் தூய்மையான, சிறிய வண்டியே மேலானது என்பது நம் துணிபு. தொழில்நுட்பம் அறிந்து, பொழுதும் பொருளும் செலவிட வல்லார் பழையதைப் போற்றுக. பெற்றோரும் பெரியோரும் பிள்ளைக்கு வண்டி தேடுங்கால் "எவ்வளவு ஓடும்?" என்று வினவுமுன், "எவ்வளவு விரைவில் நிற்கும்?" என்று வினவுவாராக.