ஜெட் தணிப்பு: அந்த ‘ஆகவே’ எங்கிருந்து வந்தது?

தங்க அணுக்கருக்கள் நேருக்குநேர் மோதுகையில் உயர் உந்தத் துகள்கள் எதிர்பார்த்ததில் ஐந்தில் ஒரு பங்காகக் குறைகின்றன. ஆகவே குவார்க்–குளுவான் பிளாஸ்மா உருவாகிறது என்று வகுப்பறைகளில் ஒரே மூச்சில் சொல்லிவிடுகின்றனர். அந்த ‘ஆகவே’ இயற்பியலையே விழுங்கிவிடுகிறது.

கொல்கத்தாவின் கார்டன் ரீச்சில் கட்டிய கப்பல் ஹூக்ளியில் மந்தமாக ஊர்ந்தால், ஆற்றைப் பழிக்குமுன் இயந்திரத்தைச் சோதிக்க வேண்டாமா? மோதலுக்கு முன்பே அணுக்கருவுக்குள் குளுவான்கள் செறிவுற்றதே குறைவுக்குக் காரணமாயிருக்கலாம் என்ற ஐயம் அற்பமானதன்று. அதைத் தீர்க்கவே 2003இல் புரூக்ஹேவனில் டியூட்டெரானைத் தங்கத்தின்மீது மோதவிட்டனர். அங்கே தணிப்பு இல்லை. பின்னர், தங்க–தங்க மோதலிலும் நேரடி ஃபோட்டான்கள் குறையாமல் வெளிவந்தன. வலுவிசை அவற்றைத் தீண்டுவதில்லையே!

அங்கிருந்த ஸ்டார் ஆய்வுக்குழுவில் கொல்கத்தா சைக்ளோட்ரான் மையத்தாரும் பங்கேற்றனர். எனினும், பியோர்கனின் 1982ஆம் ஆண்டுக் கணிப்பை ஒப்பிப்போர் டியூட்டெரானை மட்டும் மறந்துவிடுகின்றனர்.